வாங்குறது இங்க, வொரண்டி மட்டும் கொழும்புல

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் போன் விற்க ஆயிரம் வழி இருக்கு. சார்ஜ் ஏறாமல் செத்துப்போனால் மட்டும் "கண்டிக்குப் போங்க, இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பணும்." ஒரு நாள் பேரை (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு அங்கே கிடைக்கும் பதில், "தண்ணி பட்டிருக்கு, வொரண்டி இல்ல."

அந்தத் தீர்ப்பைச் சொல்வது ஒரு துண்டு ஸ்டிக்கர். பல போன்களில் சிம் தட்டு போகும் துவாரத்துக்குள்ளேயே இருக்கும். வெள்ளையாக இருந்தால் சரி, சிவந்திருந்தால் கதை முடிந்தது. அதனால் கொடுக்கும் முன் டோர்ச் அடித்துப் பார்த்து, படமும் எடுத்து வையுங்கள். நம்மூர் மழைக்கு இது வீண் வேலையல்ல.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ரசீதில் "போன் 1" என்று கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பழுது என்ன, திரையில் கீறல் உண்டா இல்லையா, திகதி எல்லாம் இருக்கவேண்டும். சிம், மெமரி கார்ட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். போனின் பிரதான போர்டை மாற்றினால் உள்ளே இருந்த படங்கள் திரும்பாது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடை பில்லோ, சில மாதத்தில் எழுத்தே மங்கிவிடும் தாள். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

"கம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா?" என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கடை வொரண்டி என்றால் அந்தக் கடை திறந்திருக்கும்வரைதான்! இழுத்தடித்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பில் பிரதியோடு.