கார் பெற்றோலுக்குள் டூ-ரி ஒயில் ஊற்றலாமா?

"10 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லி டூ-ரி ஒயில் விட்டால் என்ஜின் சத்தம் குறையும், மைலேஜ் கூடும்" என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வற்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. டூ-ரி என்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஒயில்.

வாவியில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் போட் என்ஜினுக்கு ஒயில் கலப்பது சரிதான். அப்படிக் கலக்கும் என்ஜினில் தனி ஒயில் தொட்டி இல்லை. கிராங்குக்கும் பெயாரிங்குக்கும் பெற்றோலோடு வரும் ஒயில்தான் போகும். பலவற்றுக்கு 50:1, அதாவது லீற்றருக்கு 20 மில்லி. காரோ ஃபோர்-ஸ்ட்ரோக். அதன் ஒயில் என்ஜினின் அடியிலுள்ள தட்டில் (சம்பில்) இருக்கிறது, பம்ப் அதை மேலே தள்ளுகிறது. பெற்றோலில் ஊற்றுவது அங்கே போகாது, எரிந்துதான் போகும்.

அதுவும் முழுதாக எரியாது. பிளக்கைக் கழற்றினால் முனையில் கறுப்பாக, ஈரமாகப் படிந்திருக்கும். ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கும், மிஸ்ஸிங் வரும். நொக்கிங்கைத் தடுக்கும் ஒக்டேன் அளவையும் ஒயில் குறைக்கும், 92 ஒக்டேன் பெற்றோல் போடும் காரில் ஏற்றத்தில் 'டக் டக்' என்று நொக்கிங் கேட்கலாம். சிலர் மலிவென்று சாதாரண என்ஜின் ஒயிலையே ஊற்றுகிறார்கள். இது இன்னும் மோசம்: அதிலுள்ள சிங்க், பொஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கெடுக்கும். அதை மாற்றும் செலவுக்கு எத்தனையோ தடவை சேர்விஸ் செய்யலாம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? 100 மில்லிதான் என்றால் டாங்கைக் கழற்றத் தேவையில்லை. புதுப் பெற்றோலால் டாங்கை நிரப்பி ஓடுங்கள், பாதி குறைந்ததும் மறுபடி நிரப்புங்கள். செக் என்ஜின் லைட் எரிந்தால் முதலில் பிளக்கையும் ஒட்சிசன் சென்சரையும் பார்க்கச் சொல்லுங்கள்.