கருப்பாயிக்கு ஒரு மொய் நோட்டு

"தெருநாய்க்கு மொய் எழுதுகிறாயாமே?" என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். செய்தி ஒத்தக்கடையிலிருந்து மேலூர் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆமாம் அத்தை, கருப்பாயி என்ற நாயின் புற்றுநோய் வைத்தியத்துக்காக எழுதுகிறேன். எண்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே.

என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்குக் கருப்பாயியைத் தெரியும். வாசல்படியை அடைத்துப் படுத்திருப்பாள். வக்கீல்களே தாண்டித்தான் வருவார்கள். எட்டு வருடங்களுக்கு முன் நான்குவழிச் சாலையில் அடிபட்டுக் கிடந்தவள். பின்னங்கால் கோணலாகவே கூடிவிட்டது. அன்றைக்கே மூன்று வயது இருக்கும் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்னார். ஆக, இப்போது பதினொன்று. மோவாய் முழுக்க நரை.

தை மாதம் தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் இரண்டு கட்டிகள். மாசியில் எலுமிச்சை அளவு. பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் அதே மாதிரி. நெறி கட்டியிருக்கிறது என்று ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஒரே வாரத்தில் கட்டி வற்றியது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். என் முட்டாள்தனம். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் ஸ்டீராய்டுக்குக் கட்டி கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும். பிறகு திரும்பி வரும். அதைவிட மோசம், முதலில் ஸ்டீராய்டு மட்டும் போட்டுவிட்டால் பின்னால் கொடுக்கிற புற்றுநோய் மருந்து சரியாகப் பிடிக்காமல் போகலாம். உங்கள் நாய்க்கு இப்படிப் பல இடங்களில் நெறி கட்டினால், கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிச் சோதித்துப் பார்க்காமல் ஸ்டீராய்டுக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்குப் பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு பத்தியை நாய் வளர்க்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்கள்தான். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நிறைய நாய்கள் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கின்றன. அடியோடு குணமாவது அபூர்வம். இதை மறைத்துப் பணம் கேட்க எனக்கு மனமில்லை. நான் கேட்பது ஒரு வருடத்துக்கான பணம். பதினொரு வயது நாய்க்கு ஒரு வருடம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவளுக்கு ஏறும் மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. சுடுகாட்டுப் பூ என்று அத்தை வாசலில் வைக்க விடாத அதே செடி. இதைச் சொன்னதும் இலையை அரைத்துக் கொடுக்கச் சொல்லி மூன்று பேர் யோசனை சொல்லிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம், அது விஷம். பிரித்தெடுத்து, அளந்து, ரத்தக்குழாயில் மட்டும் ஏற்ற வேண்டிய மருந்து. ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்தைவிட அந்தப் பரிசோதனைகளும் வண்டி வாடகையும்தான் பணத்தைத் தின்கின்றன.

மொத்தம் 65,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சீட்டுப் பணம் 20,000 கையில் இருந்தது. மீதிக்கு முதலில் ஒரு வேண்டுகோள் எழுதினேன். அழுகிற நாயின் படம், "வாயில்லா ஜீவன்", "உங்கள் பாதம் தொட்டு" என்றெல்லாம். இரவு படித்துப் பார்த்தபோது கூசியது. கருப்பாயி அழவே இல்லை. அந்தப் படம் எடுத்தபோது அவளுக்குத் தூக்கக் கலக்கம். அழித்துவிட்டேன்.

பிச்சைக்குக் கணக்கு கிடையாது. மொய்க்கு உண்டு. நம் பக்கத்தில் செய்முறை, அதாவது விசேஷத்துக்கு மொய் செய்வது, யாருக்கும் கேவலமில்லை; உசிலம்பட்டிப் பக்கம் கணினியே வைத்து ரசீது கொடுக்கிறார்கள். எழுதியவர் கொடுத்துவிட்டு மறந்துவிட மாட்டார், வாங்கியவரும் மறக்க முடியாது. நாய்க்காகப் பணம் திரட்டுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். நாய் இறந்த பிறகும் வசூல் நடக்கும், பில் எங்கே என்று கேட்டால் கோபம் வரும். அதனால் உண்மையாகக் கேட்கிறவனையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. என் நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, பில் ஒட்டியிருக்கும். கடைக்கு வந்து யார் வேண்டுமானாலும் புரட்டலாம். டீக்கடை அண்ணன் எழுதிய 51 ரூபாயும் அதில் இருக்கிறது.

"மனுசனுக்கே வழியில்லை, நாய்க்கு என்ன" என்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் வெறுக்கவில்லை. என் அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில்தான் காசில்லாமல் வைத்தியம் நடந்தது. வரிசை நீளம்தான், ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, காப்பீட்டு அட்டை இருந்தது. கருப்பாயிக்கு என் கடை வாசல்தான். வேறு யாருக்கோ போக வேண்டிய பணத்தை நான் பிடுங்கவில்லை. சினிமா டிக்கெட்டுக்கும் பரோட்டாவுக்கும் போகிற பணத்தைத்தான் கேட்கிறேன். இப்படிக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நானும் கேட்கலாம். கேட்க மாட்டேன், அவர்களும் ஜெராக்ஸ் எடுக்க என்னிடம்தான் வர வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவள் சாப்பாட்டை மறுத்து, எழுந்து வாசலுக்கு வர முடியாமல் போனால் ஊசி நிற்கும். 65,000 முடிந்தால் வசூலும் நிற்கும், இரண்டாவது நோட்டு கிடையாது. மிச்சம் இருந்தால் எங்கள் தெருவில் உள்ள மற்ற ஆறு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி.

நேற்று எட்டாவது ஊசி முடிந்தது. 47 பேரிடமிருந்து வரவு 31,450. என் பணத்தையும் சேர்த்து 51,450, அதில் செலவு 38,300, இருப்பு 13,150. கட்டிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. ஊசி போட்ட அன்று மட்டும் சோர்ந்து கிடந்தாள். இன்று காலை தயிர்சாதத்தை ஒதுக்கிவிட்டு ஈரலுக்காகக் காத்திருந்தாள்.

மொய் எழுதியவர்கள் உங்கள் வீட்டு விசேஷத்தை எனக்குச் சொல்லிவிடுங்கள். காதுகுத்து, புதுமனை, பூனைக்கு அறுவை சிகிச்சை, எதுவானாலும் வருவேன். நோட்டைக் கையோடு கொண்டு வருவேன்.