முதலில் தகரம், பிறகுதான் பெயின்ட்

பழைய காரைப் புதுப்பிக்க நல்ல பெயின்டும் புது சீட் கவரும் போதும் என்ற தொனியில் நான் படித்த ஒரு கட்டுரை அமைந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை என் தந்தை வைத்திருந்தார்; அதைச் சீரமைக்கக் கொடுத்தபோது, கதவின் அடியில் துருவேறிய பகுதியை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்துத் தந்துவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் கதவு விளிம்பில் மிளகளவு கொப்புளங்கள் கிளம்பின. நகத்தால் சுரண்டினேன், பட்டி அடை அடையாகப் பெயர்ந்து, உள்ளிருந்து பழுப்புத் தூள் கொட்டியது.

பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கடற்காற்று வீசும் இந்த ஊரில் அடியில் விட்டுவைத்த துரு ஒருநாளும் சும்மா இருக்காது. ஆகவே நல்ல தகரம் தெரியும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே பட்டியைத் தொட வேண்டும், அதுவும் மெல்லியதாக. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு என்பதாலும், அதன் பானெட் மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதாலும், டிங்கரிங் (தகர வேலை) செய்பவருக்கு மறைவிடங்கள் எளிதில் கண்ணில் படும்.

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெயின்டரை அவசரப்படுத்தாதீர்கள். சீட்டுக்கு ரெக்சின் தைக்கக் கொடுக்கும் முன், தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகரத்தையும் பாருங்கள். கதவு ரப்பர் வழியே இறங்கும் மழைநீர் தேங்குவது அங்கேதான்.