இருட்டுக்குத்தான் டிக்கெட் வாங்கினேன்

நேற்று ராத்திரி வயிறெரிந்து வீட்டுக்கு வந்தவள், இன்னும் ஆறவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

பாரிஸில் லத்தீன் குவார்ட்டர் பக்கம் ஒரு சின்னத் தியேட்டர். பிரெஞ்சு எழுத்தாளரும் இயக்குநருமான மார்கெரித் துராஸ் 1981-இல் எடுத்த ‘அட்லாண்டிக் மனிதன்’ போடுகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடினேன். படம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதில் பாதிக்கு மேல் திரையில் உருவமே கிடையாது. முழுக் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் துராஸின் குரல் மட்டும், தன்னை விட்டுப் போன ஒருவனிடம் பேசிக்கொண்டே இருக்கும். நடுநடுவே துராஸின் துணைவர் யான் ஆந்த்ரேயா ஜன்னலோரம் நிற்பார், த்ரூவில் என்ற கடற்கரை ஊரின் கடல் தெரியும். அதே வருடம் துராஸ் எடுத்த ‘ஆகாத்தா’ என்ற படத்தில் மிஞ்சிய காட்சிகள் அவை.

முதல் கறுப்பு வந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எனக்கு முன்வரிசையில் பளீரென்று ஒரு போன். வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி யாருடைய கல்யாண போட்டோவையோ பார்க்கிறார் அந்த மனிதர். மணப்பெண்ணின் பூச்செண்டு நிறம்வரை எனக்குத் தெரிகிறது! அதைப் பார்த்து இன்னொரு போன். அப்புறம் ஒருவர் எழுந்து, புரொஜெக்டர் கெட்டுவிட்டதென்று சொல்லப் போனார். அவர் திறந்த கதவு வழியாக வராண்டா வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது.

குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டேன்: “முசியே, போனை அணைத்துவிடுங்களேன்.” திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: “திரையில்தான் ஒன்றுமே இல்லையே, நான் எதை மறைக்கிறேன்?”

ஒன்றுமே இல்லையா? அந்தக் கறுப்புதானய்யா படம்! இருட்டுக்குக் கண் பழக நேரமாகும். பழகி, காது கூர்மையாகி, அந்தக் கரகரத்த குரலின் ஒவ்வொரு நிறுத்தமும் உள்ளே இறங்குகிற நேரத்தில் திடீரென்று கடல் வரும். மங்கலான கடல்தான், ஆனால் இருட்டிலேயே இருந்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும் தெரியுமா? எனக்கு அது கிடைக்கவில்லை. போன் வெளிச்சத்தில் கூசிப் போயிருந்த கண்ணுக்கு அது வெறும் சாம்பல் பட்டையாகத்தான் தெரிந்தது.

வேறு படமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். நாவலாசிரியையாக இருந்து படமெடுக்க வந்தவர் துராஸ். காட்சி சொல்வதையே வார்த்தை திரும்பச் சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு படத்திலும் ஒன்றைக் கழற்றிக்கொண்டே வந்தார். 1975-இல் ‘இந்தியா சாங்’: நடிகை தெல்ஃபின் செய்ரிக் ஆடுவார், நடப்பார், வாய் திறந்து பேச மாட்டார், குரலெல்லாம் வெளியிலிருந்து வரும். அடுத்த வருடம் அதே ஒலிநாடாவை எடுத்து, ஆளே இல்லாத பாழடைந்த மாளிகையின் மேல் ஓட்டினார். 1977-இல் ‘லாரி’: நடிகர் ஜெரார் தெபார்தியுவும் துராஸும் மேசையில் உட்கார்ந்து, எடுக்கப்படாத ஒரு படத்தின் கதையை வாசிப்பார்கள். கழற்றிக் கழற்றிக் கடைசியில் வந்து நின்ற இடம்தான் இந்தக் கறுப்பு. அதன் மேல் போன் வெளிச்சம் அடிப்பதும், ஓவியத்தின் மேல் பேனாவால் கிறுக்குவதும் எனக்கு ஒன்றுதான்.

பிடிக்கவில்லையென்றால் எழுந்து போங்கள், குறையே சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் இந்தப் படத்துக்கு வராமலிருப்பதே நல்லது என்று துராஸே ‘ல மோந்து’ பத்திரிகையில் எழுதியிருந்தார். ஆனால் உட்கார்ந்துகொண்டே பக்கத்தில் இருப்பவளின் படத்தையும் கெடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பாண்டிச்சேரியில் பள்ளிக்கூடத்து பிரெஞ்சோடு இந்த ஊருக்கு வந்த எனக்கு, முதன்முதலில் ஒரு சொல் விடாமல் புரிந்தது இந்த அம்மாவின் பிரெஞ்சுதான். சின்னச் சின்ன வாக்கியம், நிதானம். அந்தக் குரலை இருட்டில் தனியாகக் கேட்கத்தான் போனேன்.

வியாழக்கிழமை மறுபடி போடுகிறார்கள். முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். கழுத்து பிடித்துக்கொண்டாலும் சரி, எனக்கு முன்னால் எவர் தலையும் இருக்காது.