வளைவில் நிற்கும் அந்த ஃபோகஸ் லைட்

செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பக்கத்துக் குவாரி ரோட்டு வளைவில், வண்டி பள்ளத்தில் விழாமல் இருக்க ஓரத்தில் போட்டிருக்கிற மண் அணை மேல் டிப்பர் ஏறி நிற்கிற போட்டோவை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். ஆனால் அதன் கீழே ஒருவர், "இவ்வளவு லைட் எரியுது, அப்பவும் தெரியலைன்னா டிரைவர் தண்ணியிலதான் இருந்திருப்பான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு லைக் வேறு குவிகிறது. அதுதான் பொறுக்கவில்லை.

இவ்வளவு லைட் எரிந்ததுதான் அண்ணாச்சி பிரச்சினையே.

போட்டோவை மறுபடி பாருங்கள். கம்பம் வளைவின் வெளிப்பக்கம் நிற்கிறது. நாலு ஃபோகஸும் ஏறி வருகிற வண்டிக்கு நேராக. ரோட்டைப் பார்க்க வேண்டிய லைட் டிரைவரைப் பார்க்கிறது. அதைத் தாண்டினால் அடுத்த கம்பம் வரை கும்மிருட்டு. 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 8 மீட்டர் ஓடிவிடும். கூசின கண் தெளிவதற்குள் எங்கே போய் நிற்கும்?

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? கோயில் வாசல் பகல் மாதிரி இருக்கும். நடுராத்திரி சாமக்கொடை பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் திரும்பியதும் வாறுகால் சாக்கடையில் கால் விடாதவர் யார்? நான் விட்டிருக்கிறேன், புது வேட்டியோடு. அன்றைக்கு நானும் தண்ணியில் இல்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 22 வருஷம் லைட் வேலை பார்த்தவன் நான். டம்பர், அதாவது கல் ஏற்றும் பெரிய லாரி, ஓடுகிற சுரங்க ரோட்டுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் கேட்பது 0.5 முதல் 3 லக்ஸ்தான். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு. பௌர்ணமி நிலா ஏறக்குறைய கால் லக்ஸ். பத்துப் பன்னிரண்டு நிலா சேர்ந்தால் போதும் என்கிற கணக்கு. ஆனால் ரோடு முழுக்கச் சீராக விழ வேண்டும். அதற்குக் கம்பம் உயரமாக வேண்டும், முகம் கீழே சாய வேண்டும், ஒரே இடத்தில் நாலு பெரிய ஃபோகஸுக்குப் பதில் சின்னச் சின்னதாக நெருக்கி வைக்க வேண்டும். செய்ய முடியாத வேலையா இது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தரையில் நின்று அண்ணாந்து பார்த்து "சூப்பரா எரியுது சார்" என்றவன்தான். எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் என்னை டம்பர் கேபினில் ஏற்றி ஒரு நடை அனுப்பினார். தூசி படிந்த கண்ணாடியில் அந்த லைட் விழுந்ததும் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ரோடும் இல்லை, அணையும் இல்லை. இறங்கினதும், "தரையில நின்னு பாக்காத வே, வண்டியில ஏறிப் பாரு" என்றார். அதற்கப்புறம் ஆனி, ஆடிக் காற்று முடிகிற வரைக்கும் வாரம் ஒரு தடவை நட்டை முறுக்குவேன். அந்தக் காற்றுக்கு லைட் தானாகவே முகம் திரும்பிவிடும். கண்ணாடியையும் துடைக்க வேண்டும், சுண்ணாம்புத் தூசி அப்படி அப்பியிருக்கும்.

"வண்டியில ஹெட்லைட் எதுக்கு இருக்கு?" என்பீர்கள். வளைவில் ஹெட்லைட் நேராகப் பள்ளத்துக்குப் போகும். மேடேறும்போது வானத்துக்குப் போகும். வேறு கேள்வி?

டிரைவர் தூங்கியிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். 12 மணி நேர ஷிப்டில் யார்தான் தூங்க மாட்டார்கள்? ஆனால் அதைப் பேச ஆரம்பித்தால் லைட்டோடு நிற்காது. செலவு? சரி, அந்த நாலு லைட்டைத் திருப்பிவைக்க ஒரு ஸ்பேனர் போதும்.

இதைக் குவாரிக்கே போய் நேரில் சொன்னேன். "வயரிங் பாத்த ஆளு, டிசைன் எல்லாம் எங்க இன்ஜினீயர் பாத்துக்குவாரு" என்றார்கள். அந்த இன்ஜினீயர் ராத்திரி ஷிப்டுக்கு ஒரு நாளாவது வந்திருக்கிறாரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. டீ கொடுத்து அனுப்பினார்கள். கை ஒடிந்து கிடக்கிற அந்த டிரைவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவனைக் குடிகாரன் ஆக்க உங்களுக்கு ஒரு வரி போதுமாக இருக்கிறது.

அந்த லைட் இப்போதும் எரிகிறது. குவாரி எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். இதை மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே வரைக்கும் கண்ணில் குத்துகிறது.