கிலோ கணக்கில் ஓடு வாங்கிய கதை
நாலு கிலோ ஆளிக்கு, அதுதான் ஆய்ஸ்டர் என்கிற கடல்சிப்பிக்கு, 1,200 ரூபாய் கொடுத்தேன். உடைத்து நிறுத்துப் பார்த்தால் சதை 350 கிராம்கூட இல்லை. சரி, அது சிப்பியின் குற்றமில்லை. பத்தில் ஒரு பங்கு சதை தேறினாலே பெரிது என்று தெரிந்துதான் வாங்கினேன். உயிரோடு விற்க வேண்டியதைச் சாகடித்து விற்றுவிட்டு, கேட்டால் நமக்கே பாடம் எடுக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மச்சானுக்குக் கொல்லத்தில் வேலை. அங்கே அஷ்டமுடிக் காயலில் கயிற்றில் தொங்கவிட்டு ஆளி வளர்க்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு வந்தவர், "உங்க ஊர்ல இதெல்லாம் எங்க கிடைக்கப் போகுது" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். கோபிசெட்டிபாளையத்துக்காரனுக்கு ரோஷம் வராதா?

முதலில் கோயமுத்தூர் மீன்கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "சிப்பி இருக்குதுங்ளா?" "இருக்குதுங்ணா, அனுப்பிர்றனுங்." வந்தது கன்னங்கரேல் என்று கல்லுமேக்காய், அது வேறு ஜாதிச் சிப்பி. நம்ம பக்கம் ஓடு இருந்தால் எல்லாம் சிப்பிதான். மட்டியும் சிப்பி, ஆளியும் சிப்பி, முத்து எடுப்பதும் சிப்பி. கத்தரிக்காய் கேட்டவனுக்குச் சுண்டைக்காய் கொடுத்தால் விடுவோமா? இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டுமாம்.

அடுத்த வாரம் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கே போனேன். ஆளி இருந்தது. ஆனால் உருகிய ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பாதி வாயைப் பிளந்து கிடக்கிறது. தட்டிப் பார்த்தேன், மூடவில்லை. "ஐஸ்ல இருந்தா தொறக்கத்தானுங்ணா செய்யும்" என்கிறார் கடைக்காரர். அட சாமி, உயிருள்ள ஆளி தட்டினால் ஓடுகளை இறுக்கி மூடிக்கொள்ளும். மூடாதது செத்தது. உப்புத் தண்ணீரில் வாழ்கிற ஜீவனை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் வேறென்ன ஆகும்? மூடியிருந்ததை மட்டும் பொறுக்கினேன். அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! தக்காளியைப் பொறுக்கினால்கூட இப்படி முறைக்க மாட்டார்கள். ஈரச்சாக்கில் சுற்றி, குழிந்த பக்கம் கீழே இருக்கிற மாதிரி அடுக்கிக் கொடுங்கள் என்றேன். அதே ஐஸ் தண்ணீரோடு பாலித்தீன் பையில் கொட்டி, இறுக்கி முடிச்சும் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் சாக்கு கேட்டு வாங்கி நானே மாற்றிக் கட்டினேன்.

விருந்தாளி வர ஒரு வாரம் இருக்கிறது என்று உளறியது என் தப்பு. "ஓட்டோட ஃப்ரீசர்ல தள்ளிருங்ணா. கிருமியெல்லாம் செத்துரும், அப்புறம் பச்சையாவே திங்கலாமுங்." அடப்பாவி! உறையவைத்தால் கிருமி தூங்கும், மொத்தமும் சாகாது. ஓட்டோடு வைத்தால் இடத்தை அடைப்பதுதான் மிச்சம். ஐஸ் விட்டதும் வாயைப் பிளந்து உள்தண்ணீர் ஒழுகிவிடும். சதையை எடுத்து, அதன் தண்ணீரோடேயே டப்பாவில் கொஞ்சம் இடம் விட்டு மூடி வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சதை தளர்ந்துபோகும், வேகவைக்கத்தான் ஆகும்.

வீட்டுக்கு வந்து திருப்புளியால் நெம்பினேன். கட்டைவிரலில் ஒரு கிழிசல். அம்மா சமையலறை வாசலிலேயே மறித்தார். "அந்தக் கெரகத்த மாவுக்குப் பக்கத்துல வெச்சறாத." கெஞ்சிக் கூத்தாடி ஃப்ரீசரில் மூலை பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்கு வந்தது. டப்பா ஜில்லென்று இருந்தாலும் பாதி உருகிவிட்டது. மறுபடி உறையவைத்து மச்சானுக்குப் போட எனக்கென்ன பைத்தியமா? அன்று ராத்திரியே சின்ன வெங்காயம், மிளகு போட்டு நன்றாக வேகவிட்டேன். வீட்டில் ஒரு ஆள் தொடவில்லை. நான் மட்டும் உட்கார்ந்து தின்றேன், விரலில் கட்டோடு. ருசி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

மச்சான் வெள்ளிக்கிழமை வந்தார். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஓடுகளை மட்டும் பக்கத்துத் தோட்டத்து அக்கா சாக்கோடு கேட்டு வாங்கிப் போனார். இடித்துப் போட்டால் கோழி முட்டைக்குத் தோல் கெட்டியாகுமாம். 1,200 ரூபாய்க்குக் கோழித்தீவனம்.