தீப்பிடித்த பாலமும் மொரப்பூர் பாதையும்
அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றுக்கு மேலே உள்ள பொக்கிப்சி ரயில் பாலத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றிய கதை அருமை. 1889இல் திறந்த பாலம், 1974 தீ விபத்துக்குப் பிறகு 35 வருடம் சும்மா கிடந்து, 2009இல்தான் மறுபடி திறந்திருக்கிறது. 212 அடி உயரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடை!

எங்கள் தருமபுரிக்கும் 1906இல் மொரப்பூரிலிருந்து நேரோகேஜ் (குறுகிய தண்டவாள) ரயில் வந்தது, அப்புறம் ஓசூர் வரை நீண்டது. 1941இல் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு சைக்கிளுக்காவது ஒரு தடம் மிஞ்சியிருக்கும். சரி, இனி எங்காவது பழைய ரயில் பாதையை இப்படி மாற்றினால் முதலில் நிழலுக்குப் புங்கமரம் வையுங்கள். நுழைவில் கம்பியும் நட வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் மோட்டார் பைக் ஓட்டுபவர்களுக்குக் குறுக்குவழி ஆகிவிடும்.